மேங்கோவுக்குப் பன்மை எஸ்ஸா, இ எஸ்ஸா? மகளுக்கு ஒரு மார்க் போச்சு

மண்டிக்கணக்கு | காவேரிப்பட்டணம் | ஞாயிறு இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். சின்ன விஷயம்தான், ஆனால் வீட்டில் இரண்டு நாளாக ஓயவில்லை. மகள் ஆறாம் வகுப்பு. ஆங்கிலத் தேர்வில் பத்துச் சொற்களைக் கொடுத்துப் பன்மை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மேங்கோவுக்கு அவள் எஸ் மட்டும் சேர்த்து எழுதிவிட்டாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி. இ எஸ் சேர்க்க வேண்டுமாம். நான் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவள். வெளியூருக்குப் போகிற அட்டைப்பெட்டிகளில் இரண்டு விதமாகவும் அச்சடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஊரே மாம்பழத்தில் பிழைக்கிறது, அதற்குப் பன்மை எழுதத் தெரியவில்லையே என்று அவள் அப்பா வேறு கிண்டல் செய்கிறார்.

இது போதாதென்று இன்னொன்று. அதே தாளில் ரைஸ் எண்ண முடியுமா, முடியாதா என்று ஒரு கேள்வி. இவள் "முடியும்" என்று எழுதியிருக்கிறாள். அதற்கும் பெருக்கல். கோபத்தில் நேற்று ராத்திரி ஒரு கைப்பிடி அரிசியைத் தட்டில் கொட்டி எண்ண உட்கார்ந்துவிட்டாள். 417 வரை எண்ணிவிட்டு அப்படியே தூங்கிப்போனாள். காலையில் எழுந்ததும், "எண்ணிட்டேன் இல்ல? அப்புறம் ஏன் முடியாதுங்கறாங்க?" என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒருவரிக்காரன் | தருமபுரி | ஞாயிறு இரவு 9.22

ஒரு மார்க்குக்கு ஓர் இழையா?

பாலக்கோட்டு வாத்தியார் | பாலக்கோடு | ஞாயிறு இரவு 10.05

ஒரு மார்க்குக்காகத்தான் தம்பி நான் 31 வருஷம் சம்பளம் வாங்கினேன். இருக்கட்டும்.

அம்மா, உங்கள் மகள் எழுதியது தவறில்லை. மேங்கோவுக்கு எஸ் மட்டும் போட்டாலும் சரி, இ எஸ் போட்டாலும் சரி. நல்ல அகராதி எதைத் திறந்தாலும் இரண்டும் இருக்கும். இ எஸ் கொஞ்சம் கூடுதலாகப் புழங்குகிறது, அவ்வளவுதான்.

"ஓ எழுத்தில் முடிந்தால் இ எஸ் சேர்" என்று நானும் கரும்பலகையில் எழுதிப் போட்டவன்தான். அது பாதி விதி. டொமேட்டோ, பொட்டேட்டோ, ஹீரோ, எக்கோ என்று ஒரு கூட்டத்துக்கு இ எஸ் கட்டாயம். போட்டோ, கிலோ, பியானோ என்று இன்னொரு கூட்டம் எஸ்ஸோடு நின்றுவிடும். இவை மூன்றும் நீளமான சொற்களின் வெட்டுத்துண்டுகள்: போட்டோகிராஃப், கிலோகிராம், பியானோஃபோர்ட்டே. ஓவுக்கு முன்னால் இன்னோர் உயிரெழுத்து நின்றாலும் எஸ் மட்டும்தான், ரேடியோ, வீடியோ, ஸ்டூடியோ மாதிரி. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் வேலி மேல் உட்கார்ந்திருப்பவை மேங்கோ, மஸ்கிட்டோ, வால்கேனோ, கார்கோ. எந்தப் பக்கம் இறங்கினாலும் அடி விழாது. பஃபலோ இன்னும் மோசம். எஸ் போடலாம், இ எஸ் போடலாம், ஒன்றும் போடாமலும் விடலாம்.

இ எஸ் ஏன் வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. பஸ், பாக்ஸ், டிஷ், வாட்ச் என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பஸ்ஸுக்குப் பின்னால் இன்னொரு ஸ் ஒட்டினால் நாக்கு மாட்டிக்கொள்ளும். அதனால் நடுவில் ஒரு சின்ன இகரம் நுழைகிறது, எழுத்தில் அதுவே இ எஸ். வாய்தான் முதலாளி, பேனா கணக்குப்பிள்ளை. இதற்குச் சாட்சி ஸ்டொமக். அதுவும் சி ஹெச் எழுத்தில்தான் முடிகிறது. ஆனால் ஒலி க் என்பதால் நாக்கு மாட்டாது, எஸ் மட்டும் போதும்.

மேங்கோவில் அந்தச் சிக்கலே கிடையாது. எப்படி எழுதினாலும் வாயில் வருவது ஒரே ஒலி. வெறும் எழுத்து வழக்கத்துக்காக ஆறாம் வகுப்புப் பிள்ளையின் மார்க்கில் கை வைத்தது அதிகம் என்பது என் கருத்து.

அரிசி விஷயத்தை நாளைக்கு எழுதுகிறேன். பேரன் போனைக் கேட்கிறான்.

பரிசல்துறை | பென்னாகரம் | ஞாயிறு இரவு 10.31

மேங்கோ என்ற சொல்லே நம்மிடமிருந்து போனதுதானே வாத்தியாரே? நம் சொல்லுக்கு நாம் எழுதியது தப்பு என்று நமக்கே பெருக்கல் குறியா?

பாலக்கோட்டு வாத்தியார் | பாலக்கோடு | திங்கள் காலை 6.40

ஆமாம், தமிழிலும் மலையாளத்திலும் உள்ள மாங்காய்தான். போர்த்துகீசியர் வாயில் மாங்கா ஆகி, ஆங்கிலத்துக்குள் போய் மேங்கோ ஆனது. ஆனால் போன இடத்தில் மருமகளாகிவிட்டது, இனி அந்த வீட்டு வழக்கம்தான் அதற்கு.

இப்போது அரிசி. "எண்ண முடியாத பெயர்ச்சொல்" என்ற மொழிபெயர்ப்பில்தான் கோளாறு. பிள்ளை அதை அப்படியே நம்பி எண்ணிக் காட்டிவிட்டது. அதன் மேல் தப்பே இல்லை. "எண்ணாத பெயர்ச்சொல்" என்றிருந்தால் சண்டையே வந்திருக்காது. ஆங்கிலேயன் அரிசியை எண்ண முடியாமல் விடவில்லை. எண்ணும் பழக்கம் அவன் பேச்சில் இல்லை, அவ்வளவுதான். அதனால் ரைஸுக்குப் பின்னால் எஸ் வராது, முன்னால் 'எ' வராது, 'மெனி' வராது, 'மச்' வரும்.

நமக்கும் இது புதிதல்ல. கடையில் போய் "நாலு உப்பு கொடுங்க" என்று யாராவது கேட்பார்களா? சமையலறையில் நிற்கிற உங்களுக்குத் தெரியாததா அம்மா: ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பல் பூண்டு, ஓர் இணுக்கு கறிவேப்பிலை, ஒரு முழம் பூ, ஒரு பருக்கை சோறு. எண்ணுவதற்கு ஒரு கைப்பிடி வேண்டும். ஆங்கிலமும் அதையே செய்கிறது. ரைஸுக்கு கிரெய்ன், சோப்புக்கு பார், பிரெட்டுக்கு ஸ்லைஸ். மகள் எண்ணியது 417 கிரெய்ன்ஸ். கிரெய்னுக்குத்தான் எஸ், ரைஸுக்கு இல்லை.

மண்டிக்கணக்கு | காவேரிப்பட்டணம் | திங்கள் மதியம் 1.15

ஐயா, படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மண்டியில் நாங்கள் மாங்காயை எண்ணுவதே இல்லை! டன் கணக்குதான். கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூரா ரக மாங்காய் லாரியில் ஏறினால் "எட்டு டன் பெங்களூரா" என்று எழுதுவேனே தவிர, எத்தனை காய் என்று எவனும் கேட்டதில்லை. தேங்காய் என்றால் மட்டும் எண்ணிக்கை. எங்கள் பில் புத்தகத்தில் மாங்காய் எண்ணாத பெயர்ச்சொல், தேங்காய் எண்ணும் பெயர்ச்சொல் என்று மகளிடம் சொன்னேன். அவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

அப்படியே ஒரு சந்தேகம். ஒன்றரை டன் என்றால் ஆங்கிலத்தில் ஒருமையா, பன்மையா?

பாலக்கோட்டு வாத்தியார் | பாலக்கோடு | திங்கள் மதியம் 2.02

பன்மை. 1.5 என்றாலும் பன்மைதான், ஏன், பூஜ்ஜியம் என்றாலும் பன்மைதான். ஆங்கிலத்தில் "ஜீரோ மேங்கோஸ்". ஒன்றுமே இல்லாததற்குப் பன்மை! இதற்கு என்னிடம் நியாயம் கேட்காதீர்கள்.

தேன்கனிக்கோட்டை | திங்கள் இரவு 8.48

எண்ணுவது, எண்ணாதது பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். ஓசூர்ப் பக்கம் இது சாதாரணம்.

தெலுங்கில் பால் பன்மை. பாலு. தண்ணீரும் பன்மை, நீள்ளு. நெல்லும் பன்மை, வட்லு. சொல்லின் வடிவம் மட்டும் இல்லை, வினையும் பன்மையில்தான் முடியும். தமிழில் "தண்ணீர் வந்தது" என்றால், நாங்கள் வீட்டில் "நீள்ளு வச்சாயி" என்போம், அதாவது "வந்தன". கன்னடத்தில் ஹாலு, நீரு இரண்டும் ஒருமை. ஆக எங்கள் ஊர் டீக்கடையில் ஒரே பாத்திரத்தில் கொதிக்கிற பால் ஒருவர் வாயில் ஒருமை, பக்கத்தில் நிற்பவர் வாயில் பன்மை. பாலுக்கு இது எதுவும் தெரியாது, அது பாட்டுக்குப் பொங்குகிறது.

அதனால்தான் ரைஸ் ஒருமை என்று மனப்பாடம் செய்யச் சொன்னபோது எனக்குக் குழப்பமே வரவில்லை. எந்த மொழி எதை எண்ணும் என்பது அந்தந்த வீட்டுச் சட்டம் என்று சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது.

பரிசல்துறை | பென்னாகரம் | திங்கள் இரவு 9.05

அண்ணா, அருமை. இங்கிலீஷிலேயும் இந்தக் கூத்து உண்டு. வீட் எண்ணாது. ஆனால் ஓட்ஸ் பார்த்தீர்களா, எஸ்ஸோடுதான் பாக்கெட்டில் வரும், பன்மை. கோதுமைக்கு என்ன குறை, ஓட்ஸுக்கு என்ன உயர்த்தி?

பாலக்கோட்டு வாத்தியார் | பாலக்கோடு | திங்கள் இரவு 9.30

அதோடு நம் ஊர்ச் சரக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததே, அதன் ஆங்கிலப் பெயரில் மில்லட்ஸ் என்று எஸ் இருக்கும். மில்லட் என்றால் தானியம், எண்ணாதது. எஸ் வந்ததும் அது வகைகளைக் குறிக்கிறது: ராகி, சாமை, தினை, கம்பு எல்லாம் சேர்த்து. பென்னாகரத்து மேட்டில் விளைகிற சாமையும் கீழே வயலில் விளைகிற ராகியும் இரண்டு மில்லட்ஸ். ஒரு மூட்டை சாமை மட்டும் இருந்தால் மில்லட். ஃபிஷ்ஷும் இதே கதை.

பரிசல்துறை | பென்னாகரம் | திங்கள் இரவு 9.41

ஃபிஷ் எங்கள் துறை! ஒகேனக்கல்லில் மீன் வறுக்கிற கடைகளில் ஒரு பலகையில் "ஃபிஷ்ஷஸ் ஃப்ரை" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கெளுத்தி, கெண்டை எல்லாம் கலந்து வறுப்பதால் வகை வகையாக என்று பொருள் கொண்டால் அதுவும் சரியாகிவிடும் போல.

பாலக்கோட்டு வாத்தியார் | பாலக்கோடு | திங்கள் இரவு 9.50

ஆகாது. ஃப்ரைக்கு முன்னால் அடைமொழியாக நிற்கும்போது ஒருமைதான் வழக்கம். பத்து மீன் போட்டாலும் ஃபிஷ் ஃப்ரை. நூறு ரூபாய் நோட்டைப் பாருங்கள்: தனியே சொன்னால் ஹண்ட்ரட் ருப்பீஸ், நோட்டுக்கு முன்னால் வந்தால் ஹண்ட்ரட் ருப்பீ நோட். பொருள் சரியாக இருந்தால் மட்டும் போதாது, இடமும் பார்க்க வேண்டும்.

ஷிப்ட்_பி | ஓசூர் | செவ்வாய் காலை 7.20

இரவுப் பணி முடித்துவிட்டு இழை முழுவதையும் படித்தேன். என் கதையையும் சொல்கிறேன். நான் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. டிப்ளமோ வரைக்கும் தமிழ் வழி. சேர்ந்த புதிதில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அதில் இன்ஃபர்மேஷன்ஸ், எக்விப்மெண்ட்ஸ், மெஷினரீஸ், ஃபீட்பேக்ஸ் என்று எல்லாவற்றுக்கும் வாலில் எஸ். மேலதிகாரி அதைப் பெரிய திரையில் போட்டு, எல்லோர் முன்னாலும் ஒவ்வொரு எஸ்ஸாக அழித்துக் காட்டினார். அன்றைக்குக் காதெல்லாம் எரிந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஜெர்மன் வாடிக்கையாளரிடமிருந்து பதில் வந்தது. அதிலும் இன்ஃபர்மேஷன்ஸ்! மேலதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தேடிப் பார்த்தால், ஜெர்மனில் அந்தச் சொல்லுக்குப் பன்மை உண்டு. பிரெஞ்சிலும் உண்டு. அவரும் என்னைப் போலத் தாய்மொழியில் நினைத்து எழுதியிருக்கிறார்.

இப்போது யோசித்தால், என் பிழை எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவை. தமிழில் தகவல்கள், அறிவுரைகள், கருவிகள், சாமான்கள் என்று எண்ணுகிறோம். கையில் எஸ் தானாக வந்துவிடுகிறது. ஆங்கிலம் இவற்றை எல்லாம் உப்பு, மாவு மாதிரி குவியலாகப் பார்க்கிறது. அட்வைஸ், லக்கேஜ், ஃபர்னிச்சர், டிராஃபிக், சீனரி, ஒர்க். நாற்காலிக்கு எஸ் உண்டு, மேசைக்கு உண்டு, இரண்டும் சேர்ந்த ஃபர்னிச்சருக்கு இல்லை. பெட்டிக்கு உண்டு, பைக்கு உண்டு, லக்கேஜுக்கு இல்லை. நான் ஒரு தாளில் இதை எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்திருக்கிறேன்: "உருப்படிக்கு எஸ், கூட்டுப்பெயருக்குக் கிடையாது." எல்லா இடத்திலும் பொருந்தாது என்று தெரியும், வெஜிடபிள்ஸ் போன்றவை இடிக்கும். ஆனால் முக்கால்வாசிப் பிழை போய்விட்டது.

அரூர்_எம்ஏ | அரூர் | செவ்வாய் காலை 11.34

நான் தமிழ் முதுகலை படிக்கிறேன். ஷிப்ட்_பி அண்ணா சொன்னதோடு இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நாம் எஸ்ஸை அதிகமாகப் போடுகிறோம் என்பது பாதி. போட வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறோம் என்பது மீதி. "டென் மேங்கோ", "ஃபைவ் புக்", "ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்". இதுவும் தமிழிலிருந்து வருவதுதான்.

நம் அஃறிணைப் பெயர்களில் பெரும்பாலானவை எண்ணைக் காட்டுவதில்லை. மரம் வளர்ந்தது, மரம் வளர்ந்தன. மரம் மாறவில்லை, வினைதான் ஒன்றா பலவா என்று சொல்கிறது. இலக்கணத்தில் இதைப் பால்பகா அஃறிணைப்பெயர் என்பார்கள். முன்னால் எண் வந்துவிட்டால் பேச்சில் வினைகூட மாறாது: "பத்து மாடு வந்தது." எண்ணே சொல்லிவிட்டது, பிறகு கள் எதற்கு என்பது நம் சிக்கனம். யாராவது நூறு ரூபாய்கள் என்று கேட்டால் வங்கிப் படிவம் பேசுவது போல இருக்கும். ஆங்கிலத்தில் அந்தச் சிக்கனம் கிடையாது. டென் என்று சொன்ன பிறகும் எஸ் போட்டே ஆக வேண்டும்.

பெயர்ச்சொல் வகைகளும் அப்படித்தான். ஆங்கிலப் பாடத்தில் ப்ராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், ஆப்ஸ்ட்ராக்ட் என்று ஐந்து. நம்மிடம் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறு. இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் ஒட்டாது. நம் குணப்பெயரும் தொழிற்பெயரும் அங்கே ஒரே ஆப்ஸ்ட்ராக்ட் பெட்டிக்குள் கிடக்கும். கை, கிளை போன்ற சினைப்பெயருக்கு அங்கே தனிப் பெட்டியே இல்லை. நம்முடைய ஆறு, பெயர் எதைக் குறிக்கிறது என்று கேட்கிறது. அவர்களுடைய ஐந்துக்கு எழுத்திலும் வேலை உண்டு. ப்ராப்பர் என்றால் பெரிய எழுத்து, மெட்டீரியல் என்றால் பெரும்பாலும் எஸ் கிடையாது.

மண்டிக்கணக்கு | காவேரிப்பட்டணம் | செவ்வாய் மதியம் 1.20

பெரிய எழுத்து என்றதும் நினைவு வந்தது. அல்போன்சா என்ற மாம்பழப் பெயர் ஒரு போர்த்துகீசியத் தளபதி பெயரிலிருந்து வந்தது என்று மண்டியில் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் ஆள் பெயர், ப்ராப்பர் நவுன். நாங்கள் அவரைக் கூடையில் போட்டு விற்கிறோம். அது என்ன வகை?

பாலக்கோட்டு வாத்தியார் | பாலக்கோடு | செவ்வாய் மதியம் 3.10

கூடையில் ஏறியதும் அவர் காமன் நவுன் ஆகிவிட்டார். அஃபோன்சோ டி அல்புகெர்க் என்பது அவர் பெயர், கோவாவைப் பிடித்தவர். பெங்களூராவும் அப்படித்தான், ஊர்ப் பெயர் காயின் பெயரானது. எண்ணவும் செய்யலாம், எடையும் போடலாம்.

வகை என்பது சொல்லின் நெற்றியில் ஒட்டிய சீட்டு அல்ல என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் குவாரியில் அறுக்கிற பாறை ஸ்டோன், மெட்டீரியல். அது உடைந்து காலில் இடறினால் எ ஸ்டோன், காமன். அயர்ன் என்றால் இரும்பு, எ அயர்ன் அல்ல, ஆன் அயர்ன் என்றால் இஸ்திரிப் பெட்டி. பேப்பர் என்றால் தாள், பேப்பர்ஸ் என்றால் ஆவணம் அல்லது செய்தித்தாள்கள். கிளாஸ் என்றால் கண்ணாடி, கிளாஸஸ் என்றால் மூக்கின் மேல் இருப்பது. ஹேர் எண்ணாதது. சாம்பாரில் விழுந்தால் மட்டும் எண்ணுவார்கள்!

ஒருவரிக்காரன் | தருமபுரி | செவ்வாய் மாலை 5.00

சைல்டுக்கு ஏன் சில்ட்ரன்? அதைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பாலக்கோட்டு வாத்தியார் | பாலக்கோடு | செவ்வாய் மாலை 6.25

வந்தீரா! நல்ல கேள்வி, ஒரு வரியில் பதில் வராது.

பழைய ஆங்கிலத்தில் பன்மைக்குப் பல வழிகள் இருந்தன. எஸ் அவற்றில் ஒன்று, அவ்வளவுதான். இன்னொரு வழி னகர ஒலி. ஆக்ஸ் ஆக்ஸன் ஆவது அந்த வழியில். ஒருகாலத்தில் கண்ணுக்கும் செருப்புக்கும்கூட அப்படித்தான் பன்மை. எஸ் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டே வந்தது, எருது மட்டும் தப்பித்தது. சைல்டுக்கு இருந்த பழைய பன்மை ரகரத்தில் முடியும், சில்ட்ரே மாதிரி. காலப்போக்கில் அது பன்மை என்பதே மக்களுக்கு மறந்துவிட்டது. அதனால் அதன் மேல் இன்னொரு பன்மையாக னகர ஒலியை ஒட்டினார்கள். சில்ட்ரன் என்பது இரட்டைப் பன்மை.

மேன் மென், ஃபுட் ஃபீட், டூத் டீத், கூஸ் கீஸ், மவுஸ் மைஸ், லவுஸ் லைஸ், உமன் விமன். இந்த ஏழும் வேறு வழி. மிகப் பழைய காலத்தில் இவற்றின் பன்மை விகுதியில் ஓர் இகரம் இருந்தது. பின்னால் வரும் இகரத்துக்கு வாய் முன்கூட்டியே தயாராகி, முன்னால் இருக்கும் உயிரை மாற்றிவிட்டது. பிறகு விகுதி உதிர்ந்துபோனது, மாறிய உயிர் மட்டும் நின்றுவிட்டது. நம்ப முடியவில்லையா? குடையைக் கொடை என்கிறோம், இலையை எலை என்கிறோம், புகையைப் பொகை என்கிறோம். பின்னால் வரும் ஐகாரம் முன்னால் இருக்கும் உயிரைத் தன் பக்கம் இழுக்கிறது. அதே வேலைதான்.

ஷீப், டீர் இரண்டும் பழைய ஆங்கிலத்திலேயே பன்மையில் மாறாதவை. அன்று டீர் என்றால் மான் மட்டும் இல்லை, எந்த விலங்கும்.

அரூர்_எம்ஏ | அரூர் | செவ்வாய் மாலை 7.02

ஐயா, இரட்டைப் பன்மையா! நாமும் அதையேதான் செய்திருக்கிறோம். அவர் என்பதே பலர்பால். மரியாதைக்காக ஒருவரையே அவர் என்று சொல்லத் தொடங்கியதும், அதன் பன்மை தேய்ந்துவிட்டது. உடனே கள் சேர்த்து அவர்கள் என்றோம். அரசர்கள், புலவர்கள், தமிழர்கள் எல்லாம் அப்படித்தான், அர் மேல் கள். அந்தக் கள்ளும் தொடக்கத்தில் அஃறிணைக்கு உரியது, பிறகுதான் மனிதர்களிடம் வந்தது. சில்ட்ரனும் அவர்களும் ஒரே விதமாகப் பிறந்தவை. இனி யாராவது சைல்டுக்கு ஏன் சில்ட்ரன் என்று கேட்டால், அவருக்கு ஏன் அவர்கள் என்று கேட்கப் போகிறேன்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் மாடுகளைக் குறிக்கும் கேட்டில் என்ற சொல்லுக்கு ஒருமை கிடையாது, எப்போதும் பன்மை வினைதான். அதன் மூலப்பொருள் சொத்து. நம் மாடு என்ற சொல்லுக்கும் செல்வம் என்ற பொருள் உண்டு. திருக்குறளில் கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளில் மாடு என்றால் செல்வம்தான். இரண்டு நாட்டிலும் தொழுவத்தில் கட்டியதுதான் வங்கிக் கணக்கு.

தேன்கனிக்கோட்டை | செவ்வாய் இரவு 8.15

கேட்டிலை எப்படி எண்ணுவார்கள் பின்னே? ஒன்று வாங்கினால்?

பாலக்கோட்டு வாத்தியார் | பாலக்கோடு | செவ்வாய் இரவு 8.40

பசு, காளை என்று தனிப்பெயர் சொல்வார்கள். கூட்டமாக என்றால் "டென் ஹெட் ஆஃப் கேட்டில்". பத்துத் தலை. அங்கேயும் தலைக்கு எஸ் போட மாட்டார்கள். போச்சம்பள்ளிச் சந்தையில் ஆட்டை "பத்து உருப்படி" என்று எண்ணுவதைக் கேட்டிருப்பீர்களே, அந்த உருப்படிதான் இந்த ஹெட்.

பரிசல்துறை | பென்னாகரம் | செவ்வாய் இரவு 9.12

கடைப்பலகைகளுக்கு வருவோம். தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து இறங்கி நடந்தால் ஃபர்னிச்சர்ஸ், ஹார்டுவேர்ஸ், ஸ்டேஷனரீஸ், மெடிக்கல்ஸ், எலெக்ட்ரிகல்ஸ், டிராவல்ஸ். வாத்தியார் சொல்கிறபடி பார்த்தால் பாதிப் பலகையைக் கழற்ற வேண்டும்.

ஷிப்ட்_பி | ஓசூர் | செவ்வாய் இரவு 9.30

கழற்ற வேண்டாம் என்பேன். மருந்து என்ற பொருளில் மெடிக்கல் பெயர்ச்சொல்லே இல்லை, அதற்கு எங்கிருந்து பன்மை? அந்த எஸ் பன்மையே இல்லை. தமிழில் அதற்குக் "கடை" என்று பொருள் வந்துவிட்டது. மெடிக்கல்ஸ் என்றால் மருந்துக்கடை. மின்னஞ்சலில் வந்தால் அழியுங்கள், பலகையில் இருந்தால் விடுங்கள்.

அரூர்_எம்ஏ | அரூர் | செவ்வாய் இரவு 9.44

ஆமாம் அண்ணா. ஒரு சிப்ஸ், ஒரு சாக்ஸ், "ஒரு லேடீஸ் ஏறணும், நிறுத்துங்க" என்று நடத்துநர் சொல்வது, எல்லாம் அதே ரகம். எஸ் சொல்லோடு ஒட்டிப் பிறந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். ஸ்டூடண்ட்ஸ்கள் என்று சுவரொட்டியில்கூட வருகிறது, மறுபடியும் இரட்டைப் பன்மை.

பாலக்கோட்டு வாத்தியார் | பாலக்கோடு | செவ்வாய் இரவு 10.00

ஆங்கிலேயர் தலைகீழாகச் செய்தார்கள். பட்டாணிக்குப் பழைய ஆங்கிலச் சொல் பீஸ், அரிசி மாதிரி எண்ணாத சொல். கடைசியில் ஸகரம் கேட்டதும் இது பன்மை போலிருக்கிறது என்று நினைத்து, அதை வெட்டிப் பீ என்று ஓர் ஒருமையை உண்டாக்கிவிட்டார்கள். செர்ரியும் பிரெஞ்சிலிருந்து வந்தபோது இதே வெட்டுப் பட்டது. இன்று பீ என்று எழுதினால் சரி. அன்றைக்கு முதலில் எழுதிய பிள்ளைக்கு எந்த வாத்தியார் எத்தனை பெருக்கல் போட்டாரோ!

நியூஸ், மேத்தமேட்டிக்ஸ், மீஸில்ஸ் எஸ்ஸில் முடிந்தும் ஒருமை. சிஸர்ஸ், டிரவுசர்ஸ் ஒன்றே இருந்தாலும் பன்மை. மாமியார் இரண்டு பேர் என்றால் மதருக்குத்தான் எஸ், கடைசியில் இருக்கும் லாவுக்கு இல்லை. இவற்றைத் தேர்வுக்கு முந்தின நாள் பார்த்துக்கொள்ளலாம் அம்மா.

பரிசல்துறை | பென்னாகரம் | செவ்வாய் இரவு 10.08

மாமியார் இரண்டு பேர் என்ற உதாரணத்தை எங்கள் வீட்டில் சொல்ல முடியாது வாத்தியாரே.

மண்டிக்கணக்கு | காவேரிப்பட்டணம் | வெள்ளி இரவு 8.50

மன்னிக்கவும், சீசன் வேலை, மூன்று நாளாக எட்டிப் பார்க்க முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மகள் புதன்கிழமை அகராதியை எடுத்துக்கொண்டு போனாள். சண்டை போடாதே, கேட்டுப் பார் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். டீச்சர் அகராதியைப் பார்த்துவிட்டு, "சரி, இதுவும் உண்டு" என்று மேங்கோவுக்கு மார்க் கொடுத்துவிட்டார்கள். அரிசிக்குக் கொடுக்கவில்லை. "எண்ண முடியும், ஆனா எண்ண மாட்டாங்க டீச்சர்" என்று இவள் சொன்னாளாம். அதற்குச் சிரித்தார்களாம், மார்க் வரவில்லை. இவளுக்கு அதில் வருத்தம் இல்லை, பாதி ஜெயித்தது போதும் என்கிறாள்.

இன்று சாயங்காலம் தலை வாரும்போது பார்த்தால் பேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கிறது. "ஐயோ, தலை பூரா லைஸ்" என்று நான் கத்தினேன். சீப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதான்மா இருக்கு. லவுஸ்னு சொல்லு" என்கிறாள்.

ஒருவரிக்காரன் | தருமபுரி | வெள்ளி இரவு 8.58

நன்றாகப் பாருங்கள் அக்கா, அது எப்போதும் பன்மையில்தான் இருக்கும்.